கொரோனா பரோல் பிறந்த கதை

மகாராஷ்டிரத்தில் வீட்டில் சாவோ கல்யாணமோ வந்தால் தண்டனைக் கைதியைச் சில நாள் அனுப்பிவைக்க 1959-ம் ஆண்டின் பரோல் விதிகளிலேயே வழி இருந்தது. சிறை நிரம்பி வழிகிறது என்பதற்காக அனுப்ப வழி இல்லை. வழிந்ததோ பல ஆண்டுகளாக.

மும்பை ஆர்தர் ரோடு சிறை சுமார் 800 பேருக்கானதாக இருந்தது. 2020-ல் 2,600 பேருக்கு மேல் இருந்தார்கள். 'தள்ளி நில்லுங்கள்' என்று நாடு முழுக்க ஒலிபரப்பிய நாட்களில் அங்கே தள்ளிப் படுக்கவும் இடமில்லை. யாரை விடலாம் என்று முடிவுசெய்ய மாநிலந்தோறும் உயர்மட்டக் குழு அமைக்கச் சொல்லி மார்ச் 23-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்கள் என்பதை உதாரணமாகவும் காட்டியது. விடுதலையானவர்கள் ஊரடங்கில் வழியில் தவிக்கக் கூடாது என்று ஏப்ரலில் இன்னோர் உத்தரவு. புணேயின் எரவாடா சிறையிலிருந்து அதே மாவட்டத்து ரஞ்சன்காவ் ஊர் ஐம்பது கிலோமீட்டர் போலத்தான். ஆனால் அங்கே போகும் நகர் ரோட்டில் அப்போது பஸ் ஏது?

மே 7-ல் ஆர்தர் ரோட்டில் 77 கைதிகளுக்கும் 26 ஊழியர்களுக்கும் தொற்று என்று தெரிந்தது. மறுநாளே பரோல் விதி திருத்தப்பட்டது. 19-ம் விதியில் புதிதாக ஒரு உட்பிரிவு: முதலில் 45 நாள், பிறகு தொற்றுநோய்ச் சட்ட அறிவிப்பு நீடிக்கும்வரை முப்பது முப்பது நாளாக நீட்டிப்பு. மூன்று நாள் கழித்து, மாநிலச் சிறைக் கைதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரை, சுமார் 17,000 பேரை, விடுவிப்பது என்றானது.

எல்லோருக்கும் அல்ல. உபா (பயங்கரவாதத் தடுப்பு), மோக்கா (திட்டமிட்ட குற்றங்கள்), பணமோசடிச் சட்டங்களில் சிக்கியவர்கள் விலக்கு. ஏழாண்டுக்கு மேல் தண்டனை பெற்றவர் முன்பு இரண்டு முறை வெளியே போய்ச் சொன்ன தேதியில் திரும்பியிருக்க வேண்டும். இது எனக்கு வேடிக்கையாகவே படுகிறது. ஒருமுறைகூட வெளியே விடப்படாதவர் எப்போது திரும்பிக் காட்டியிருப்பார்? அவரை அதைச் சொல்லி ஒதுக்கக் கூடாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த ஜூலையில் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது.

இந்த ஏற்பாடு நோய்க்குப் பயந்து பிறந்தது. நெரிசலுக்கு வெட்கப்பட்டு அல்ல. 2022-ல் கட்டுப்பாடுகள் விலகியதும் கைதிகளைத் திரும்பி வரச் சொல்லிவிட்டார்கள். பரோலில் கழிந்த நாட்கள் தண்டனைக் கணக்கில் சேராது என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. நெரிசலோ குறையவில்லை: 2018 முடிவில் நாட்டின் சிறைகளில் நூறு பேர் இடத்தில் 117.6 பேர் இருந்தார்கள். 2022 முடிவில் 131.4.