பிரின்ஸ்டன் மக்கள்தொகை ஆய்வு அலுவலகம்

பிரின்ஸ்டன் மக்கள்தொகை ஆய்வு அலுவலகம் என்பது அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1936ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஆய்வு மையமாகும். அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் மக்கள்தொகை ஆய்வு மையங்களுள் இதுவே மிகப் பழமையானது. இதன் புகழ்பெற்ற ஆய்வுகளுக்கு நூலகம், நூற்பட்டியல், கணக்கீடு, நிதி நிர்வாகம் ஆகிய துணைப்பணிகளே அடித்தளமாக அமைந்தன.

தொடக்கம்

மில்பேங்க் நினைவு நிதியத்தின் உதவியுடன் இம்மையம் உருவானது. அந்நிதியத்தில் பணியாற்றிய பிராங்க் நோட்ஸ்டீன் முதல் இயக்குநரானார். 1959இல் ஆன்ஸ்லி கோல் அப்பொறுப்பை ஏற்றார்.

நூற்பட்டியல் பணி

1935இல் வேறு பெயரில் தொடங்கிய நூற்பட்டியல் இதழ், 1937 முதல் 'பாப்புலேஷன் இன்டெக்ஸ்' என்ற பெயரில் இங்கிருந்து வெளிவந்தது. பல நாடுகளின் நூல்கள், கட்டுரைகள், அரசு அறிக்கைகள் ஆகியவற்றைத் திரட்டி, பொருள்வாரியாக வகைப்படுத்தி, சுருக்கக் குறிப்புடன் பட்டியலிடுவதே இதன் பணி. கணினித் தேடல் இல்லாத அக்காலத்தில், ஒரு நாட்டின் கணக்கெடுப்பு பற்றி எங்கே என்ன வெளியாகியுள்ளது என்பதைப் பிற நாட்டு ஆய்வாளர்கள் அறிய இவ்விதழ் பெரிதும் உதவியது.

இவ்விதழைப் பல ஆண்டுகள் தொகுத்தவர்களுள் முதன்மையானவர் ஐரீன் டோய்பர். 1958இல் வெளியான 'ஜப்பானின் மக்கள்தொகை' என்னும் பெருநூலை எழுதியவரும் இவரே. அமெரிக்க மக்கள்தொகைச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். ஆயினும் பிரின்ஸ்டனில் இவருக்குப் பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. ஆய்வுப் பணியாளராகவே நீடித்தார். இளநிலைப் பட்டப்படிப்பில் அப்பல்கலைக்கழகம் மாணவியரைச் சேர்க்கத் தொடங்கியதே 1969இல்தான். அறிவுலகம் முழுவதும் பயன்படுத்திய பணிக்கும் அதைச் செய்தவருக்குக் கிடைத்த தகுதிநிலைக்கும் இருந்த இடைவெளியை இது காட்டுகிறது.

கணக்கீடும் தரவுத் திரட்டலும்

நாடுகளின் சங்கத்திற்காக இம்மையம் தயாரித்த ஐரோப்பா, சோவியத் ஒன்றியம் பற்றிய எதிர்கால மக்கள்தொகை மதிப்பீடு 1944இல் நூலாக வெளிவந்தது. ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு வயதுப் பிரிவினருள் எத்தனை பேர் உயிருடன் இருப்பர், எத்தனை குழந்தைகள் பிறக்கும் எனப் படிப்படியாகக் கணக்கிட வேண்டியிருந்தது.

1963இல் கோல் தொடங்கிய ஐரோப்பியக் கருவள ஆய்வு, மாகாணவாரியாகப் பழைய கணக்கெடுப்புகளையும் பிறப்புப் பதிவுகளையும் திரட்டியது. அதன் தொகுப்பு நூல் 1986இல் வெளியானது. பொருளாதார வளர்ச்சி மட்டுமின்றி, மொழியும் பண்பாடும் பிறப்பு விகிதச் சரிவோடு தொடர்புடையவை என அது காட்டியது.

இந்தியத் தொடர்பு

இங்குப் பணியாற்றிய கிங்ஸ்லி டேவிஸ், இந்தியக் கணக்கெடுப்புகளை ஆராய்ந்து 1951இல் 'இந்தியா பாகிஸ்தான் மக்கள்தொகை' என்ற நூலை வெளியிட்டார். கோல், எட்கர் ஹூவருடன் இணைந்து எழுதிய 1958ஆம் ஆண்டு நூலும் இந்தியாவையே முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டது.

முக்கியத்துவம்

ஓர் ஆய்வுத் திட்டத்திற்குக் கிடைக்கும் நிதி அத்திட்டத்தோடு முடிந்துவிடும். நூலகமும் தரவுக் காப்பும் ஆண்டுதோறும் செலவு கேட்பவை. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் நூற்பட்டியல் இதழ் நின்றுபோனது. எனினும் அதன் பழைய தொகுதிகள், மக்கள்தொகையியல் வளர்ந்த பாதையை அறிய இன்றும் பயன்படுகின்றன.