பனாட்டு: இலக்கண விதியும் யாழ்ப்பாண வழக்கும்

முன்னுரை

ஒரு பருவத்தில் மிகுதியாக விளையும் பழத்தைப் பிசைந்து, அதன் களியைப் பாயில் பரப்பி, வெயிலில் உலர்த்தித் தோல்போன்ற தகடாக்கிச் சேமிக்கும் முறை பல நாடுகளில் உண்டு. ஆந்திரத்தின் ‘மாமிடி தாண்ட்ர’, வங்கத்தின் ‘ஆம்சத்வ’ ஆகியன மாம்பழத்தால் ஆனவை. யாழ்ப்பாணத் தமிழர் இம்முறையில் பனம்பழத்தைப் பயன்கொண்டனர். அவ்வுணவு பனாட்டு எனவும் பினாட்டு எனவும் வழங்கும். இதே சொல் பழந்தமிழ் இலக்கணத்திலும் இடம்பெறுகின்றது. இலக்கணம் சுட்டும் பனாட்டு எப்பொருளைக் குறித்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

இலக்கணச் சான்று

தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் உயிர்மயங்கியல், ‘பனை’ என்பதன் முன் ‘அட்டு’ வரும்போது ஐகாரம் கெட்டு ஆகாரம் தோன்றும் என விதிக்கின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்த நன்னூலும் இவ்விதியைக் கைக்கொள்கின்றது. ஒரு சொற்புணர்ச்சிக்கெனத் தனி விதி அமைந்தமை, அச்சொல் பெற்றிருந்த வழக்குச் செல்வாக்கைக் காட்டும்.

எனினும் விதி சொல்லின் வடிவத்தையே உரைக்கின்றது, பொருளை விளக்கவில்லை. ‘அட்டு’ என்பதை ‘அடுதல்’ (சமைத்தல்) என்பதன் வழிக் கொண்டால், பதநீரைக் காய்ச்சிப் பெறும் கட்டியைக் குறிக்கலாம். ‘அட்டுதல்’ (வார்த்தல்) என்பதன் வழிக் கொண்டால், களியை வார்த்து உலர்த்திய தகட்டைக் குறிக்கலாம்.

யாழ்ப்பாணச் செய்முறை

பி. எல். சிம்மண்ட்ஸ் 1854இல் வெளியிட்ட தாவர வணிகப் பொருள்கள் பற்றிய நூல் இச்செய்முறையை விவரிக்கின்றது. பழுத்த பனம்பழத்தை நீரிலிட்டுக் கையால் பிசைந்து களி எடுப்பர். அதனைப் பரண்மீது விரித்த ஓலைப் பாயில் பரப்புவர். ஒரு படை உலர்ந்தபின் அதன்மேல் அடுத்த படை என ஏறத்தாழ 15 படைகள் இடப்படும். இரண்டு அல்லது மூன்று வாரங்கள் வெயிலில் வைத்து, இரவில் பனியும் மழையும் படாமல் மூடுவர். ஒரு பாய் 3 முதல் 6 ஷில்லிங் வரை விலைபோனது என்றும், வறியோர்க்கு ஆண்டின் சில மாதங்கள் இதுவே முதன்மை உணவு என்றும் அந்நூல் கூறுகின்றது.

இச்செய்முறையில் அடுப்புக்கு இடமில்லை; வார்த்தலும் உலர்த்தலுமே உள்ளன. மேலும், யாழ்ப்பாண வழக்கில் காய்ச்சிய வெல்லம் ‘பனங்கட்டி’ எனப்படும். பனாட்டுத் துண்டுகளைப் பனம்பாணியில் ஊறவைத்தால் அது ‘பாணிப்பனாட்டு’ ஆகும். பாகும் தகடும் அங்கு வேறுவேறு பெயர் பெறுகின்றன.

பயன்பாட்டுப் போட்டி

பனையின் பயன்கள் ஒன்றையொன்று விலக்குவன. பாளையைச் சீவிப் பதநீர் இறக்கினால் அப்பாளையில் காய் இல்லை. நுங்குக்காகக் குலையை வெட்டினால் பழம் இல்லை. கோடையில் சிங்கப்பெருமாள் கோவில் வட்டாரச் சாலையோரங்களில் விற்கப்படும் நுங்கு, பழமாகாமல் போன பனங்காயே. குலையை மரத்திலேயே பழுக்கவிடும் ஊரில்தான் பனாட்டு உருவாகும். பழம் ஒரே பருவத்தில் உதிர்ந்து விரைவில் கெடுவதால், உலர்த்தாவிடில் அம்மிகுதி வீணாகும். ஆகவே பனாட்டு, ஒரு பகுதியினர் தம் பனைகளை எதற்காக விட்டுவைத்தனர் என்பதற்கும் சான்றாகின்றது.

முடிவுரை

பல நூற்றாண்டுகளில் சொற்பொருள் மாறியிருக்கக்கூடும். ஆதலின் இக்கால வழக்கைக் கொண்டு தொல்காப்பியர் காலப் பொருளை முற்றாக அறுதியிட இயலாது. ஆயினும் தீயில் அடாத உணவுக்கு இப்பெயர் நிலைத்திருப்பதும், காய்ச்சிய கட்டிக்கு வேறு பெயர் வழங்குவதும் ‘வார்த்தல்’ என்னும் பொருளுக்கே வலுச்சேர்க்கின்றன. புணர்ச்சி விதிக்கு எடுத்துக்காட்டாக வகுப்பறையில் ஒப்பிக்கப்படும் சொல்லுக்கு ஈழத்தின் முற்றங்களில் பொருள் கிடைக்கின்றது. இலங்கையில் 1978இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபை பனம்பொருள் உற்பத்தியை ஊக்குவித்து வருகின்றது. செய்முறை அறிந்த தலைமுறை உள்ளபோதே கருவிப் பெயர்களையும் படிநிலைச் சொற்களையும் களஆய்வால் தொகுப்பது இலக்கண உரைமரபுக்கும் பயன்தரும்.