பொறி காட்டும் குறி

யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணற்றில் துலா மிதித்தவன், கயிற்றின் பிரி நைவதைக் கண்ணாற் கண்டு, அஃது அறுமுன்னரே மாற்றிவிடுவான். இரும்புப் பொறி நீரிறைக்கத் தொடங்கிய பின்னரோ தேய்வு கண்ணுக்கு மறைந்து போயிற்று. மறைந்த தேய்வை மனிதன் அறியக் கற்ற வரலாறு சிந்தித்தற்குரியது.

1712 ஆம் ஆண்டில் தோமஸ் நியூகோமன் அமைத்த நீராவிப் பொறி, இங்கிலாந்தின் டட்லி நகருக்கு அண்மையில் நிலக்கரிச் சுரங்கத்து நீரை இறைத்தது. பின்னர், கோர்ண்வால் பகுதியின் செம்புச் சுரங்கங்களும் வெள்ளீயச் சுரங்கங்களும் இத்தகைய பொறிகளையே நம்பியிருந்தன. பொறி ஓய்ந்தால் சுரங்கம் மூழ்கும். ஆதலால், நின்ற பின்னர் பழுதறிதல் அங்கே காலங்கடந்த அறிவாகவே இருந்தது.

1811 இல் ஜோயல் லீன் என்பார், அப்பகுதிப் பொறிகளின் வேலையை அளந்து திங்கள்தோறும் அறிக்கை வெளியிடத் தொடங்கினார். ஒரு புசல் நிலக்கரியை எரித்து எத்தனை இறாத்தல் நீரை ஓரடி உயரம் தூக்கிற்று என்பதே அளவுகோல். தொடக்கத்தில் அத்தொகை சராசரியாக 2 கோடிக்குக் குறைவாயிருந்தது. 1835 இல் ஃபோவே கொன்சல்ஸ் சுரங்கத்துப் பொறியொன்று 12 கோடியே 50 இலட்சத்தை எட்டிற்று. பொறியாளரிடையே போட்டியை வளர்த்தமை அவ்வறிக்கையின் ஒரு பயன். மற்றொன்றும் உண்டு. நேற்று நன்றாக உழைத்த பொறியின் எண் இன்று தாழுமாயின், வால்வு கசிகின்றதோ, பிஸ்டனின் அடைப்புத் தேய்ந்ததோ என்று ஆராய வழி பிறந்தது.

ஆயினும், எண்ணுக்கு அகப்படாத பழுதும் உண்டு. இங்கிலாந்தின் வடபுலத்து ஹார்ட்லி நிலக்கரிச் சுரங்கத்தில், நீரிறைக்கும் பொறியின் வார்ப்பிரும்புத் துலா 1862 சனவரி 16 அன்று முறிந்தது. இருபது தொன்னுக்கு மேற்பட்ட அதன் பாதி, சுரங்க வாயிலினுள்ளே விழுந்தது. அச்சுரங்கத்துக்கு வாயில் ஒன்றே. அது தூர்ந்துபோகவே, ஆடவரும் சிறுவருமாக 204 பேர் மாண்டனர். நிலக்கரிச் சுரங்கத்துக்கு இருவழி வேண்டுமென்ற சட்டம் அவ்வாண்டிலேயே பிறந்தது. பழுதை முன்னறிய முயல்வது ஒரு கடமை. அறியாது தப்பும் பழுதுக்கு மாற்றுவழி வைப்பது மற்றொரு கடமை.

இவ்வரலாறு கொழும்புக்கும் அயலானதன்று. கொச்சிக்கடையை அடுத்த துறைமுகத்தில் 1906 இல் உலர்துறையொன்று கட்டி முடிக்கப்பட்டது. கப்பல் உள்ளே வந்ததும் வாயிலடைத்து, பம்பிகளால் நீரை வெளியேற்றினாலன்றி, அதன் அடிப்பாகத்தைச் செப்பனிடல் இயலாது. கப்பலைத் திருத்தும் தொழிலே பம்பியின் நலத்தைச் சார்ந்திருக்கிறது. உலர்துறையின் நீரை வெளியேற்ற வழக்கத்தினும் மிகுந்த நேரம் செல்லுமாயின், அதுவும் லீன் கண்ட குறியே.

சுழலும் பம்பிகள் வேறு குறிகளும் காட்டும். தாங்கிகள் சூடேறும், உடல் அதிரும். உள்ளே கூழாங்கற்கள் உருள்வது போன்ற ஓசை எழுமாயின், உறிஞ்சு குழாயில் நீர் தடைப்பட்டு, ஆவிக்குமிழிகள் தோன்றி உடைகின்றன என ஐயுறலாம். அக்குமிழிகள் உடையும் வேகம் உலோகத்தையே அரித்துவிடும்.

கொச்சிக்கடை மாடிவீட்டின் தண்ணீர்த் தொட்டியை அரைமணியில் நிரப்பிய சிறு பம்பி, இன்று முக்கால் மணி எடுக்கின்றதெனின், அதுவும் ஒரு செய்தி சொல்லுகின்றது. நேற்றைய நேரத்தைக் குறித்து வைத்தவருக்கே அச்செய்தி விளங்கும்.