இரத்தினபுரித் தோட்டங்களின் கூட்டு வாக்கு

1931இல் டொனமூர் அரசியலமைப்பு சர்வசன வாக்குரிமையைக் கொண்டுவந்த காலத்திலேயே, தோட்டத் தொழிலாளர், தோட்ட நிர்வாகிகளான துரைமாரும் ஆள்திரட்டி வேலை வாங்கிய கங்காணிமாரும் காட்டும் பக்கமே சாய்வர் என்ற வாதம் இலங்கையில் ஒலித்தது. 1947 பொதுத் தேர்தல் அதற்கு மறுமொழியானது: இலங்கை இந்தியர் காங்கிரஸ் நுவரெலியா, தலவாக்கலை, மஸ்கெலியா முதலிய தொகுதிகளை வென்றதோடு, அது போட்டியிடாத பல இடங்களில் தொழிலாளர் வாக்கு, துரைமார் வெறுத்த இடதுசாரிகளுக்கே சென்றது. கூலிக்கும் லயக் குடியிருப்புக்கும் யார் குரல் கொடுப்பார் என்பதை எண்ணி ஒன்றாக அளித்த அவ்வாக்கை அறியாமை என்பது பெரும் அநீதி. 1948இன் குடியுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் திருத்தச் சட்டமும் அம்மக்களில் மிகப் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன.

அவ்வுரிமை பிற்காலத்தில் படிப்படியாக மீண்டது. இன்று இரத்தினபுரி மாவட்டத்தில், இறக்குவானை, காவத்தைத் தோட்டங்களில் தமிழர் சிதறி வாழும் சிறுபான்மையினர். 1989 முதல் பொதுத் தேர்தல்களில் நடைமுறையிலுள்ள விருப்பு வாக்கு முறையில், வாக்காளர் கட்சிச் சின்னத்துக்குப் புள்ளடியிட்டபின் வேட்பாளர் இலக்கங்களில் மூன்று வரை தெரிவு செய்யலாம். தமிழர் வாக்குகள் பல இலக்கங்களில் சிதறினால் தமிழ் வேட்பாளர் எவரும் தேறமாட்டார் என்பது அங்குள்ளோர் நன்கறிந்த கணக்கு. ஆயினும், தொழிற்சங்கத் தலைவர் இலக்கத்தை மட்டும் சொல்லி, அவ்வாக்குகளுக்கு ஈடாகப் பேசிய பேரத்தை மறைக்கும்போது, குறை வாக்காளரிடமன்று, தலைமையிடமே உள்ளது.