தஞ்சாவூர் கடைத்தெரு: பெரிய கோயிலைத் தாண்டி கொஞ்சம் நடங்க பாஸ்!

தஞ்சாவூர் ட்ரிப்னா பெரிய கோயில், ஒரு செல்ஃபி, கையில் ஒரு தலையாட்டி பொம்மை. அப்புறம் வேன் ஏறி கும்பகோணம். வர்றவங்கள்ல பல பேரோட பிளான் இதுதான். கோயிலிலிருந்து நடக்குற தூரத்தில் கீழராஜவீதி, தெற்கு ராஜவீதி, அய்யங்கடைத் தெரு, கீழவாசல் எனப் பழைய கடைத்தெரு ஒன்று இருப்பது அவங்க கண்ணில் படுவதே இல்லை. இந்தக் கடைத்தெருவைத் தூக்கி நிறுத்தத்தான் பல வருஷமாக ஊர் முயற்சி பண்ணுது.

இங்கே வியாபாரம் நேற்று வந்ததில்லை. 1010-ல் குடமுழுக்கு கண்ட பெரிய கோயிலின் கல்வெட்டுகளிலேயே திரிபுவனமாதேவிப் பேரங்காடி, கொங்காள்வார் அங்காடி, வீரசோழப் பெருந்தெரு என்றெல்லாம் பெயர்கள் வருகின்றன. மார்க்கெட்டுக்கு ராணி பெயர் வைத்த ஊர்! இன்று நாம் பார்க்கும் அரண்மனை, அதைச் சுற்றிய ராஜவீதிகள், கோட்டை, அகழி எல்லாம் அதற்குப் பல நூற்றாண்டு கழித்து, நாயக்கர், மராட்டியர் காலத்தில் உருவானவை. தேர் ஓடுகிற அகலம் கொண்ட வீதிகள்தான். இப்போ ரெண்டு பக்கமும் பைக்கை நிறுத்தினால் நடுவில் ஆட்டோ போகவே இடம் தேடணும்.

பஸ் ஸ்டாண்டு போனா கூட்டமும் போகும்

டெல்டாவில் ஒரு கணக்கு உண்டு. பஸ் எங்கே நிற்குதோ, அங்கேதான் ஜவுளிக்கடை. வெளியூர் பஸ்களுக்கென ஊரின் தெற்கே புது பஸ் ஸ்டாண்டு வந்தது. மருத்துவக் கல்லூரி சாலைப் பக்கம் ஊர் வளர்ந்தது. பெரிய ஷோரூம், ஹோட்டல் எல்லாம் அந்தத் திசையில் நகர, பழைய பஸ் ஸ்டாண்டை நம்பிய கடைகளுக்கு உள்ளூர் டவுன் பஸ் கூட்டம்தான் மிச்சம்.

2014-ல் நகராட்சியாக இருந்த தஞ்சாவூர் மாநகராட்சி ஆனது. 2016-ல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இடம்பிடித்தது. அந்தத் திட்டத்தில் ஒரு நகரத்துக்கு மத்திய அரசு 500 கோடி ரூபாய் வரை தரும், மாநிலம் அதே அளவு போடணும் என்பதுதான் அப்போதைய ஏற்பாடு. அந்தப் பணத்தில்தான் பழைய பஸ் ஸ்டாண்டு இடிக்கப்பட்டுப் புதுசானது. அரண்மனைப் பக்கத்து காமராஜர் மார்க்கெட், கீழவாசல் சரபோஜி மார்க்கெட் இரண்டும் புதுக் கட்டடத்துக்கு மாறின. சிவகங்கைப் பூங்காவிலும் அய்யன்குளத்திலும் வேலை நடந்தது. அய்யன்குளத்தைத் தூர்வாரும்போது, சிவகங்கைக் குளத்திலிருந்து மழைநீர் கொண்டுவந்த பழைய நிலத்தடிக் கால்வாய் வெளிப்பட்டது. நம்ம முன்னோர் டிரெய்னேஜ் பிளான் அப்படி!

கட்டடம் ரெடி... வியாபாரி?

எனக்கு இங்கேதான் நெருடல். ஒரு மார்க்கெட்டை இடித்துக் கட்டும் வரை வியாபாரி தற்காலிகக் கொட்டகையில் உட்காரணும். காய்கறி வியாபாரத்தில் வாடிக்கைதான் முதல். ரெண்டு வருஷம் இடம் மாறினா, வாடிக்கையும் வேற கடைக்குப் பழகிடும். திரும்பி வந்தா புது ஏலம், புது வைப்புத்தொகை, புது வாடகை. பத்துக்கு எட்டு கடையில் வெங்காயம் விற்கிறவருக்கும் மொத்த வியாபாரிக்கும் ஒரே ஏலம்னா யார் ஜெயிப்பாங்கன்னு சொல்லவே வேண்டாம்.

தரையில் சாக்கு விரித்துக் கீரை விற்கும் அம்மாக்களுக்குச் சட்டம் இருக்கு. 2014-ன் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுப்பு நடத்தி அடையாள அட்டை தரணும். நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவிகிதம் பேர் தெருவோர வியாபாரிகளாகவே இருக்கணும். புதுக் கட்டடத்தின் வரைபடம் போடுகிற மேஜையில் இவங்களும் உட்கார்ந்தால் பாதிப் பிரச்னை தீரும் என்பது என் கருத்து.

மேட்டூர் திறந்தாதான் கல்லா நிறையும்

இந்த ஊர்க் கடைத்தெருவின் உண்மையான முதலாளி காவிரி. ஜூன் 12 மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள். அன்றைக்குத் தண்ணீர் வந்தால் குறுவை நடவு நடக்கும். கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டால் தீபாவளிக்கு முன் கையில் காசு வரும். துணி, பாத்திரம் எல்லாம் அந்தக் காசில். சம்பா அறுவடை முடிந்தால் தை, மாசி கல்யாணங்களுக்கு நகைக்கடையில் கூட்டம். 2024-ல் அணை திறக்க ஜூலை கடைசி ஆகிவிட்டது. அப்படிப்பட்ட வருஷத்தில் பளபள மார்க்கெட் இருந்தும் பலன் குறைவுதான்.

வயல் ஏமாற்றும் வருஷத்துக்குச் சுற்றுலாக் காசு கைகொடுக்கும். ஓவியம், கலைத்தட்டு, தலையாட்டி பொம்மை, வீணை, நெட்டி வேலை என இந்த ஊர்ச் சரக்குகளே புவிசார் குறியீட்டோடு வரிசை கட்டுது. 2015-ல் பெரிய கோயில் சித்திரைத் தேரோட்டம் நூறு வருஷ இடைவெளிக்குப் பிறகு மீண்டும் தொடங்கியதும் ராஜவீதிகளுக்குப் பெரிய கூட்டத்தைக் கொண்டுவந்தது. வைகாசியில் 24 கருட சேவையும் அதே வீதிகளில்தான்.

அடுத்த முறை போனா, சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அரண்மனையிலிருந்து ஆரம்பிங்க. சரஸ்வதி மகால் நூலக அருங்காட்சியகத்தை முதலில் முடிச்சிடுங்க, அது சீக்கிரம் மூடிடும். அப்புறம் ராணீஸ் டவர் மணிக்கூண்டைப் பார்த்துட்டு ராஜவீதிகளில் நடந்து கீழவாசல் வரைக்கும் ஒரு ரவுண்டு. கார் வேண்டாம், நிறுத்த இடம் கிடைக்காது. பையில் சில்லறை இருக்கட்டும்.