தேடல் பக்கத்தில் முதல் இடம் யாருக்கு?

கடைத்தெருவில் முனைக்கடைக்கு வாடகை அதிகம். தேடுபொறி காட்டும் முடிவுகளிலும் அதே கணக்குதான். மேலே வருவதைத்தான் பெரும்பாலோர் சொடுக்குகிறார்கள். அப்படியானால் அந்த முதல் இடம் யாருக்கு? பொருத்தமான தளத்துக்கா, பணம் கட்டிய தளத்துக்கா?

1994-ல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபைலோவும் தொடங்கிய யாகூ, மனிதர்கள் தலைப்பு வாரியாகத் தொகுத்த ஒரு பட்டியல். 1995 டிசம்பரில் வந்த ஆல்டாவிஸ்டாவில் அந்த வேலையைக் கணினியே செய்தது. மேலே ஒரு பெட்டி, கீழே முடிவுகளின் வரிசை.

அந்த வரிசையையே ஏலம் விட்டவர் பில் கிராஸ். 1998-ல் அவர் தொடங்கிய கோட்டூ தளத்தில், ஒரு சொல்லுக்கு அதிகத் தொகை கேட்டவருக்கு முதலிடம். யாராவது சொடுக்கினால்தான் கட்டணம். விளம்பரதாரர் தரும் தொகையும் முடிவின் அருகிலேயே தெரியும்! வெளிப்படையான வியாபாரம்.

அதே 1998-ல் கூகுளின் நிறுவனர்கள் செர்ஜி பிரின், லாரி பேஜ் இருவரும் தங்கள் ஆய்வுக் கட்டுரையில், விளம்பரத்தை நம்பி வாழும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கமே சாயும் என்று எச்சரித்தார்கள். ஆனால் 2000 அக்டோபரில் அவர்களே ஆட்வேர்ட்ஸ் விளம்பரத் திட்டத்தைத் தொடங்கினார்கள். இந்த முரண்பாட்டுக்குத் தீர்வாக வந்தது பக்க வடிவமைப்புதான். விளம்பரம் தனி இடத்தில், தனி நிறத்தில், தனிப் பெயரோடு நின்றது.

எல்லாத் தளங்களும் அப்படிப் பிரித்துக் காட்டவில்லை. 2001-ல் புகார் எழுந்தது. 2002 ஜூனில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம், பணம் பெற்றுக் காட்டும் முடிவுகளைத் தெளிவாக அடையாளப்படுத்தும்படி தேடுபொறி நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது. 2013-ல் மீண்டும் ஒரு கடிதம். வேறுபாடு மங்கி வருகிறது என்பதுதான் அதன் சாரம்.

ஆனாலும் மங்கல் நிற்கவில்லை. 2014-க்குள் கூகுளில் விளம்பரத்தின் பின்னணி நிறம் போய், சிறிய மஞ்சள் முத்திரை மட்டும் மிஞ்சியது. 2016-ல் அது பச்சையானது; கீழே இருந்த இணைய முகவரியின் நிறமும் பச்சை! 2020 ஜனவரியில் கணினித் திரையில் அது வெறும் கறுப்பு எழுத்தானபோது பலத்த எதிர்ப்பு கிளம்பியது.

நிதி அறிக்கையில் முக்கியமான விவரத்தை யாரும் படிக்காத மூலையில் போட்டால் அதை முழு வெளிப்படுத்தல் என்று வணிகவியல் ஏற்பதில்லை. பணம் கட்ட முடியாத சிறு வியாபாரிக்கு இது பிழைப்புப் பிரச்சினை. தேடுபவருக்கோ நம்பிக்கைப் பிரச்சினை.

அடுத்த முறை தேடும்போது, முதல் முடிவின் மேலே உள்ள சிறிய எழுத்தைப் படித்துவிட்டுச் சொடுக்குங்கள்!