ஊற்றுக்கு வழி விடுதல்

நெவாடாவின் மொஹாவி பாலைவனத்தில் ஆஷ் மெடோஸ் என்றொரு சமவெளி. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் தொலைவு மலைகளில் பெய்த மழையும் உருகிய பனியும் பாறைக்குள் ஊர்ந்து வந்து இங்கே ஊற்றுகளாகக் கண் திறக்கின்றன. உலகில் வேறெங்கும் இல்லாத இருபதுக்கும் மேற்பட்ட உயிரினங்கள் இந்தத் தண்ணியை நம்பி இருக்கின்றன.

1960களின் கடைசியில் ஒரு பண்ணை நிறுவனம் அருகே கிணறுகள் தோண்டி நீரை இறைத்தது. டெவில்ஸ் ஹோல் என்ற பாறைக்குழியில் நீர்மட்டம் இறங்கியது. அங்கே ஓர் அங்குல மீன் முட்டையிட இருப்பது, நீருக்குச் சற்றுக் கீழே ஒரே ஒரு பாறைத்திட்டு. அது வெளியே தெரிந்தால் அந்த இனம் அவ்வளவுதான். 1976இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இறைப்புக்கு வரம்பு கட்டியது. பிறகு வீட்டுமனைத் திட்டம் வந்தது. நேச்சர் கன்சர்வன்சி அந்த நிலத்தை வாங்கி அரசிடம் சேர்க்க, 1984இல் காப்பகம் உருவானது.

ஆனால் தீர்ப்பு தண்ணீரைத்தான் காக்கும். ஓடைக்குப் பழைய வளைவைத் தராது. பாசனத்துக்காக நேராக்கிய வாய்க்கால்களை மூடணும், அந்நிய மரமான டாமரிஸ்கை அகற்றணும். வெட்டினால் மட்டும் போதாது, அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். பணியாளர்களோடு தன்னார்வலர்களும் கைகொடுக்கும் வேலை இது.

நம்மூரில் வேரோடு பிடுங்கும் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவான மெஸ்கீட், அங்கே மண்ணின் மரம், அதைக் காக்கிறார்கள். மரத்தின்மேல் குற்றமில்லை. எந்த மண்ணில், யார் தண்ணீரைக் குடித்து நிற்குது என்பதுதான் கேள்வி.